மிடுக்கர்களுக்கு வயசு போவதில்லை: பழைய பகிடி நாடகத்தை இன்றைக்கு மேடையேற்றுவது பற்றி

ஒரு ஊர். அந்த ஊருக்கு ஒரு இராக்காவல்காரன் வேணும். சம்பளம் பெரிசில்லை, மதிப்பும் பெரிசில்லை. ஆனால் அந்த வேலையை யாருக்குக் குடுக்கிறது என்பதில் ஊரின் இரண்டு பெரிய மனிசர் முட்டிக்கொள்கிறார்கள். ஒருவர் பட்டாளத்தில் இருந்து திரும்பி வந்த ஒருவனின் பக்கம். மற்றவர் ஒரு தையற்காரனின் பக்கம். இரண்டு பெரியவர்களின் பிள்ளைகளும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். ஆனால் சீதனக் கணக்கில் தகப்பன்மார் முறுகிக்கொள்ள, கலியாணப் பேச்சு முறிகிறது. இதுக்குள்ள, பட்டாளக்காரனுக்கு வேலை குடுக்காவிட்டால் ஊரைக் கொளுத்துவோம் என்று ஒரு மொட்டைக் கடிதம் வேறு.

இது வேலணையா, புங்குடுதீவா, நெடுந்தீவா என்று கேட்கத் தோன்றும். இது செக் நாட்டின் தென்பகுதியில் உள்ள ஒரு கிராமம். நாடகத்தின் பெயர் 'நஷி ஃபுரியன்டி'. தமிழில் சொல்லப்போனால் 'எங்கட மிடுக்கர்கள்'. எழுதியவர் லடிஸ்லாவ் ஸ்ட்ரோபெஷ்னிட்ஸ்கி. பிராகா நகரின் தேசிய அரங்கில் 1887 இல் முதன்முதலில் மேடையேறியது. அந்த அரங்கு பொதுமக்களின் காசில் கட்டப்பட்டது. 1881 இல் திறந்த கையோடு எரிந்துபோக, திரும்பவும் காசு சேர்த்து 1883 இல் மறுபடி திறந்தார்கள். மேடைக்கு மேலே 'தேசம் தனக்குத் தானே' என்ற கருத்தில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறது. அப்படிப்பட்ட மேடையில், கிராமத்து மனிதன்தான் தேசத்தின் தூய ஆன்மா என்று எல்லாரும் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், இவர் கிராமத்தானை வீம்பு பிடித்தவனாக, சூழ்ச்சிக்காரனாக, ஆனால் உள்ளுக்குள் நல்ல மனிசனாகவும் காட்டினார். அதுவும் அவன் பேசுகிற பேச்சிலேயே. அந்தக் கால விமர்சகர்களுக்கு அது உவப்பாக இருக்கவில்லை. இன்றைக்கு அதுதான் செக் மொழியில் திரும்பத் திரும்ப மேடையேறும் பழைய நாடகங்களில் ஒன்று. 1937 இல் படமாகவும் வந்தது.

எனக்கு இதில் ஆர்வம் வந்தது இரண்டு கேள்விகளால். ஒன்று, நூற்றி முப்பது வருசத்துக்கு மேல் வயசான பகிடிக்கு இன்றைக்கு இருக்கிற ஆட்கள் எப்படிச் சிரிக்கிறார்கள்? இரண்டு, எங்களிடம் அப்படி ஒன்று இருக்கிறதா?

இரண்டாவது கேள்விக்கு விடை, இருக்கிறது. பெயரில் கூட 'மிடுக்கு' இருக்கிறது. ஆனால் நாங்கள் அதை மேடையில் பார்ப்பதில்லை. பரீட்சைக்குப் பாடமாக்குகிறோம்.

கல்வெட்டுப் படித்தவர் எழுதிய கதைபேச்சு

பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1903 இல் வடமராட்சியின் புலோலியில் பிறந்தவர். லண்டன் பல்கலைக்கழகத்தில் பழைய தமிழ்க் கல்வெட்டுகளின் மொழியை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். விபுலாநந்த அடிகளுக்குப் பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். இப்படி ஒரு ஆளிடம் இருந்து என்ன எதிர்பார்ப்போம்? செந்தமிழில் ஒரு காப்பிய நாடகம். அவர் எழுதியது 'உடையார் மிடுக்கு', 'முருகன் திருகுதாளம்', 'கண்ணன் கூத்து', 'நாட்டவன் நகர வாழ்க்கை'. நான்கும் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழில். 1940 இல் 'நானாடகம்' என்ற பெயரில் புத்தகமாக வந்தன. நான்கு நாடகம் என்பதுதான் அந்தத் தலைப்பின் பொருள்.

இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று விளங்க, அந்தக் காலத்து மேடையைப் பார்க்க வேணும். 1913 இல் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபையைத் தொடக்கிய கலையரசு சொர்ணலிங்கம் போன்றவர்கள், சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் காட்டிய வழியில் சேக்ஸ்பியரையும் சபா நாடகங்களையும் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர்களில் இசை நாடகம். தீவுப்பகுதியிலும் கரையோரத்துக் கத்தோலிக்க ஊர்களிலும் நாட்டுக்கூத்து. இவை எல்லாவற்றிலும் இராசா, இராணி, புனிதர், தேவர் எல்லாரும் பாட்டிலோ ஏட்டுத் தமிழிலோதான் பேசுவார்கள். வீட்டில் கதைக்கிற தமிழ் மேடைக்கு வருவது ஒருவனின் வாயில் மட்டும்: பபூன். அதாவது சாதாரண சனத்தின் பேச்சே ஒரு பகிடியாகத்தான் இருந்தது.

கணபதிப்பிள்ளை இந்தக் கணக்கைக் குழப்பினார். அவருடைய மேடையில் எல்லாருமே வடமராட்சிக்காரர் போலத்தான் கதைப்பார்கள். எல்லாரும் பேச்சுத் தமிழ் கதைத்தால் பேச்சுத் தமிழ் பகிடியாக இருக்க முடியாது. அப்போது சிரிப்பு வேறு எங்கேயோ இருந்து வரவேண்டும்: ஒருவனின் குணத்தில் இருந்து, பதவியில் இருந்து, பதவிக்கும் குணத்துக்கும் இடையில் உள்ள இடைவெளியில் இருந்து. ஸ்ட்ரோபெஷ்னிட்ஸ்கி பிராகாவில் செய்ததும் இதே காரியம்தான். ஒருவரை ஒருவர் பார்த்து எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தன் மொழிக்கு மேடையில் மரியாதை தேடிய இரண்டு சமூகங்கள், வெவ்வேறு காலத்தில் ஒரே கதவைத் தட்டியிருக்கின்றன.

உடையார் என்றால் யார்?

இன்றைக்கு உடையார் என்ற சொல்லை எங்கட வயசுக்காரர் பலர் பரம்பரைப் பெயராகவோ ஒழுங்கையின் பெயராகவோதான் கேட்டிருப்போம். ஆங்கிலேயர் காலத்தில் அது ஒரு உத்தியோகம். வடக்கில் ஒரு பெரும் பிரிவுக்கு மணியகாரர், அதற்குக் கீழே கோயிற்பற்றுக்கு உடையார், ஊருக்கு விதானையார். காணி உறுதி, வரி, சண்டை சச்சரவு, அரசாங்கத்தின் கட்டளை எல்லாம் இவர்கள் ஊடாகத்தான். துரைமார் முன்னால் குனிவதும் ஊரார் முன்னால் நிமிர்வதும் ஒரே முதுகெலும்பு. மிடுக்கு என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல விளக்கம் இல்லை.

இந்த நாடகங்கள் எழுதப்பட்ட காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1924 இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கி யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசான அமைப்பு, பூரண சுயராச்சியம் கேட்டு 1931 இல் அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்கச் செய்தது. அதே 1931 இல்தான் இலங்கையில் ஆண், பெண் எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது. பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்க வேண்டும் என்ற சம ஆசனப் போராட்டமும், அதற்கு எதிராகப் பள்ளிக்கூடங்கள் எரிக்கப்பட்டதும் அந்த வருசங்களை ஒட்டித்தான். படித்த இளையவர்கள் ஊர்ப் பெரியவரின் அதிகாரத்தைக் கேள்வி கேட்கத் தொடங்கிய காலம். பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர்கள் கொழும்பில் உடையாரை மேடையேற்றிச் சிரித்தார்கள் என்றால், அது வெறும் பொழுதுபோக்குச் சிரிப்பு இல்லை. ஊரில் தகப்பன்மார் எழும்பி நின்று சால்வையை இடுப்பில் கட்டின மனிசனைப் பார்த்து, பிள்ளைகள் இருந்துகொண்டு சிரித்த சிரிப்பு அது.

1963 இல் இந்தத் தலைமைக்காரர் முறை ஒழிந்து கிராம சேவகர்கள் வந்தார்கள். உத்தியோகம் போய்விட்டது. மிடுக்கு போனதா என்பதுதான் கேள்வி.

கண்ணி எங்கே அறுந்தது

அப்படியானால் செக்காரர் தங்கள் மிடுக்கர்களைத் திரும்பத் திரும்ப மேடையேற்றியது போல நாங்கள் ஏன் உடையாரை மேடையேற்றவில்லை? சும்மா மறந்துவிட்டோம் என்று சொல்வது லேசு. வரலாறு அவ்வளவு லேசாக இல்லை.

1956 இல் கொழும்பில் சரச்சந்திரவின் 'மனமே' மேடையேறியது. சிங்கள நாடகத்துக்குத் தன் மண்ணின் வடிவம் ஒன்று கிடைத்துவிட்டது என்ற பெருமை அதன் பின்னால் எழும்பியது. அதே வருசத்தில்தான் தனிச் சிங்களச் சட்டமும் வந்தது. எங்கட அடையாளம் எது என்ற கேள்வி தமிழருக்கு மிக அவசரமாக வந்த காலம் அது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து, மேடைக்கு ஏற்றபடி சுருக்கி, 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' போன்ற படைப்புகளைத் தந்தார். அது பெரிய காரியம். அதன் பலனை இன்றைக்கும் அனுபவிக்கிறோம். ஆனால் ஒரு பக்க விளைவும் இருந்தது. எங்கட மண்ணின் நாடகம் என்றால் கூத்து என்று ஆகியபோது, அதற்கு முந்தைய பேச்சுத் தமிழ்ப் பகிடி நாடகம் ஏதோ ஆரம்பகால முயற்சி போலப் பின்னுக்குப் போய்விட்டது. அதுவும் மண்ணின் குரல்தான் என்பதைச் சொல்ல ஆள் குறைந்துபோனது.

பிறகு 1978 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் முதலியோரின் நாடக அரங்கக் கல்லூரி. அதே வருசம் க. பாலேந்திராவும் ஆனந்தராணியும் முன்னின்ற அவைக்காற்று கலைக் கழகம். 1985 இல் 'மண் சுமந்த மேனியர்'. ஊரே எரிகிற காலத்தில் அரங்கு அழவும் கேள்வி கேட்கவும் வேண்டியிருந்தது. அதைக் குறை சொல்ல எங்கட தலைமுறைக்கு உரிமை இல்லை. ஆனால் 'சீரியஸ்' நாடகம்தான் நாடகம், பகிடி என்றால் ஏதோ இடைவேளைச் சாமான் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்து இறுகிவிட்டது.

பகிடி எங்கே போனது? வானொலிக்கு. இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்' இலங்கை வானொலியில் தொடராக வந்தது. அதில் விதானையாராகக் குரல் குடுத்தவர், பின்னாளில் எங்கட பெரிய திறனாய்வாளராக அறியப்பட்ட கா. சிவத்தம்பி. உடையாருக்குப் பிறகு விதானையார்! பிறகு 'கோமாளிகளின் கும்மாளம்'. யாழ்ப்பாணத் தமிழ், முஸ்லிம் மக்களின் தமிழ், சிங்களவர் கதைக்கிற தமிழ், பிராமணத் தமிழ் என்று நான்கு பேச்சுகளை மோதவிட்டுச் சிரிக்க வைத்த நிகழ்ச்சி. 1976 இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் ஓடியது. இன்றைக்கு அந்த இடத்தில் யூரியூப் இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழில் குறும்பகிடி போடும் பெடியளுக்கும் பெட்டையளுக்கும் ஒரு மூதாதை 1940 இல் இருந்தார் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

பகிடி ஏன் பழுதாகிறது

துயர நாடகம் உப்புப் போட்ட கருவாடு. பகிடி பச்சை மீன். இரண்டும் ஒரே கடலில் பிடித்தவைதான், ஆனால் பச்சை மீன் மத்தியானத்துக்குள் மணக்கத் தொடங்கும். தகப்பனை இழந்த மகனின் துக்கத்தை இரண்டாயிரம் வருசம் கழித்தும் உணரலாம். மணியகாரர் வந்தபோது உடையார் எந்தக் கதிரையில் இருந்தார் என்பதில் உள்ள பகிடியை உணர, அந்தக் கதிரைகளின் வரிசை தெரிந்திருக்க வேண்டும்.

பழைய பகிடி நாடகம் ஒன்றை எடுத்தால் அதில் மூன்று வகைச் சிரிப்பு இருக்கும். முதலாவது, அந்தக் காலத்துச் செய்தியை வைத்த சிரிப்பு. அது செத்துவிடும், காப்பாற்ற ஏலாது. இரண்டாவது, மனிசக் குணத்தை வைத்த சிரிப்பு: வீம்பு, பேராசை, பயம், பந்தா. இது சாகாது. மூன்றாவதுதான் ஆபத்தானது. கீழே இருப்பவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு: வேலைக்காரன், குறைந்த சாதி என்று ஒதுக்கப்பட்டவர், கொன்னையன், கறுப்பான பெண், தமிழ் தடக்கிற சிங்களவர். இது சாகவும் இல்லை, உயிரோடு இருக்கவும் கூடாது.

ஆகவே பழைய பகிடியை மேடையேற்றும் நெறியாளருக்கு வேலை இதுதான்: முதலாவதை வெட்டுவது, இரண்டாவதைக் கூர்மையாக்குவது, மூன்றாவதைத் திருப்பிப் போடுவது. திருப்பிப் போடுவது என்றால் வசனத்தை மாற்றுவது இல்லை. அந்த வசனம் சொல்லப்படும்போது வெளிச்சம் யாரின் முகத்தில் விழுகிறது என்பதை மாற்றுவது. உடையார் ஒருவனைப் பகிடி பண்ணுகிறார். பார்வையாளர் பார்ப்பது பகிடி பண்ணப்பட்டவனின் முகத்தை என்றால், சிரிப்பு அரைவாசியில் நிற்கும். அந்த அரைவாசியில் நின்ற சிரிப்புத்தான் இன்றைய நாடகம்.

இன்னொரு வழி, பிற ஊர் நாடகத்தைத் தன் ஊருக்கு இறக்குவது. சரச்சந்திர 'மனமே'க்கு முதலே, 1945 இல், கோகோலின் 'கலியாணம்' என்ற ரஷ்யப் பகிடி நாடகத்தை ஏ. பி. குணரத்னவோடு சேர்ந்து 'கபுவா கபோதி' ஆக்கினார். கலியாணத் தரகர் என்றால் இலங்கையில் யாருக்கும் விளக்கம் வேண்டாம் அல்லவா? அவைக்காற்று கலைக் கழகம் லோர்காவின் ஸ்பானிய நாடகத்தை 'ஒரு பாலை வீடு' என்று போட்டது. அது பகிடி இல்லை. எட்டு வருசத் துக்கம் என்று சொல்லி ஐந்து மகள்மாரை வீட்டுக்குள் பூட்டி வைக்கும் தாயின் கதை. ஆனால் தூரத்து ஊரின் வீடு ஒன்று எங்கட வீடாக மாறும் என்பதற்கு அது சாட்சி.

செக் நாட்டில் இருந்து அப்படி இறக்குவதற்கு என்று ஒரு பகிடி நாடகத்தைக் கேட்டால், மிடுக்கர்களுக்கு அடுத்ததாக நான் வாட்ஸ்லாவ் ஹாவெலின் 'அறிவித்தல்' என்ற நாடகத்தைச் சொல்வேன். 1965 இல் பிராகாவின் சின்ன அரங்கு ஒன்றில் மேடையேறியது. ஒரு கந்தோர். அதன் பணிப்பாளருக்கு ஒரு கடிதம் வருகிறது. அவருக்குத் தெரியாமலே கந்தோரில் புகுத்தப்பட்ட 'ப்டிடெபெ' என்ற செயற்கை மொழியில் கடிதம் இருக்கிறது. அதை மொழிபெயர்க்க அனுமதி வேண்டும். அனுமதி எடுக்கப் போனால், ஒரு அனுமதி இன்னொன்றைக் கேட்கிறது. வட்டம் முடிவதே இல்லை. இரக்கப்பட்டு இரகசியமாக மொழிபெயர்த்துக் குடுத்த இளம் பெண்ணுக்கு வேலை போகிறது. கடிதத்தில் என்ன இருந்தது? அந்த மொழியை நிறுத்த வேண்டும் என்று நினைத்த பணிப்பாளர் செய்வது சரி என்று. அந்த மொழியில் ஒரு விலங்கின் பெயருக்கு 319 எழுத்து! எழுதிய ஹாவெல் பிறகு சிறைக்கும் போனார், 1989 இன் முடிவில் நாட்டின் சனாதிபதியாகவும் ஆனார்.

இந்த நாடகத்தை எங்கட ஆட்களுக்கு விளக்க வேணுமா? தனக்கு விளங்காத மொழியில் வந்த கடிதத்தைத் தூக்கிக்கொண்டு, ஆரிடம் வாசிக்கக் குடுப்பது என்று அலைந்தவர்கள் எங்கட பேரன் பேத்தி முறையில் எத்தனை பேர்? 1956 இல் சட்டம். 1987 இல் தமிழும் அரச கரும மொழி என்று திருத்தம். இன்றைக்கும் வடக்கில் சிங்களத்தில் மட்டும் வரும் கடிதத்தைக் கண்டால் ஒருவரும் ஆச்சரியப்படுவதில்லை. பிராகாவில் கற்பனையாக இருந்தது இங்கே தபாலில் வந்தது. கொடுமை என்று எவ்வளவோ எழுதிவிட்டோம். அதை ஒருமுறை பகிடியாகவும் பார்க்க ஒரு மேடை வேண்டும். அதிகாரத்துக்குக் கண்ணீர் பழகிவிட்டது. சிரிப்பு இன்னும் பழகவில்லை.

எழுவைதீவில் போட்டால்

இதையெல்லாம் கைலாசபதி அரங்கில் போட்டால் சரி, விரிவுரையாளரும் மாணவரும் வந்து பார்ப்பார்கள். நான் யோசிப்பது வேறு. எங்கட எழுவைதீவில் போட்டால் என்ன நடக்கும்?

தெரியாதவர்களுக்கு: ஊர்காவற்றுறை இறங்குதுறையில் இருந்து படகில் போக வேண்டிய சின்னத் தீவு. பனை, கடற்றொழில், கோயில், தேவாலயம், பள்ளிக்கூடம். காற்றாடியும் சூரியத் தகடும் டீசல் இயந்திரமும் சேர்ந்து தருகிற மின்சாரம். வருசத்தில் முக்கால்வாசி நாளும் அமைதி. திருவிழாக் காலத்தில் மட்டும் கொழும்பில் இருந்தும், கனடா, பிரான்ஸ், சுவிசில் இருந்தும் ஆட்கள் வந்து இறங்குவார்கள்.

அந்த நேரத்தில் மேடை போட்டு 'உடையார் மிடுக்கு' நடித்தால், முதல் வரிசைக் கதிரையில் ஆர் இருப்பார்? அங்கேயே நாடகம் தொடங்கிவிடுகிறது. உடையார் இல்லை, விதானையார் இல்லை. ஆனால் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் குடுத்த காசின் தொகையும் சொல்ல வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள். பொன்னாடையின் வரிசை பிழைத்தால் அடுத்த வருசம் உபயம் வராது. சங்கத் தலைவர் பதவிக்கு இரண்டு பேர் போட்டி. இராக்காவல்காரன் வேலைக்குப் பதிலாக, தண்ணீர்த் தாங்கியின் திறப்பு ஆரிடம் இருப்பது என்ற சண்டையைப் போடுங்கோ. நன்னீர் அருமையான தீவில் அந்தத் திறப்பு ஒரு செங்கோல். செக்காரரின் நாடகத்தில் ஒரு வசனத்தையும் பெரிசாக மாற்றத் தேவையிராது. சீதனக் கணக்கு அப்படியே இருக்கட்டும், நாணயத்தை மட்டும் மாற்றினால் போதும்.

இங்கேதான் உண்மையான சோதனை. பழைய உடையாரைப் பழைய தலைப்பாகையோடு காட்டினால் எல்லாரும் நன்றாகச் சிரிப்பார்கள். வெளிநாட்டில் இருந்து வந்தவர் கைபேசியில் பிடித்து, எங்கட பழைய தமிழ் எவ்வளவு இனிமை என்று போடுவார். ஒருவருக்கும் நோகாது. அது நாடகம் இல்லை, அருங்காட்சியகம். கணபதிப்பிள்ளையின் பெடியள் சிரித்தது செத்துப்போன ஒருவரைப் பார்த்து இல்லை. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனால் முன்னால் நிற்கப்போகிற ஒருவரைப் பார்த்து. அந்தத் துணிவை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் எடுத்தால், மீன் இல்லாமல் வலையைக் காட்டி ஊர்ப் பெருமை பேசுவது போலத்தான்.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. ஒரு சின்னத் தீவில், எல்லாரும் எல்லாருக்கும் சொந்தக்காரராக இருக்கிற இடத்தில், உயிரோடு இருக்கிற ஒருவரை மேடையில் அவமானப்படுத்துவது வீரம் இல்லை. அதைச் செய்துவிட்டு நாடகக்காரர் கடைசிப் படகில் ஏறிப் போய்விடலாம். ஊர் இரண்டாகப் பிரிந்து மிச்ச வருசத்தைக் கழிக்க வேண்டும். போரும் இடப்பெயர்வும் ஏற்கனவே போதுமான அளவு பிரித்துவிட்டன. மிடுக்கர்கள் நாடகத்தின் அழகு எங்கே என்றால், ஸ்ட்ரோபெஷ்னிட்ஸ்கி ஒருவரையும் வில்லனாக்கவில்லை. வீம்பு பிடித்த இரண்டு தகப்பன்மாரும் கடைசியில் இறங்கி வர ஒரு படி வைத்திருக்கிறார். மொட்டைக் கடிதத்தின் வஞ்சகம் வெளிக்க, குற்றம் சுமத்தப்பட்ட பட்டாளக்காரனுக்கு நியாயம் கிடைக்கிறது, பிள்ளைகளின் கலியாணமும் கூடுகிறது. தலைப்பில் 'எங்கட' என்று இருப்பது சும்மா இல்லை. அவர் பிறந்த ஊர் செர்ஹொனிட்ஸெ, நாடகத்து ஊரின் பெயர் ஹொனிட்ஸெ. அவ்வளவுதான் மறைப்பு. தன் ஊரைப் பார்த்துச் சிரிக்கிறவன், அதே ஊரில் தானும் ஒருவன் என்று ஒப்புக்கொண்டு சிரிக்கிறான்.

அந்த 'எங்கட' தான் அளவுகோல் என்று நினைக்கிறேன். 'உங்கட மிடுக்கு' என்று நாடகம் போட்டால் அது வசை. 'அவையின்ர மிடுக்கு' என்று போட்டால் புறணி. 'எங்கட மிடுக்கு' என்று போட்டால்தான் பகிடி. பல்கலைக்கழகம் போன எங்களுக்கும் ஒரு மிடுக்கு இருக்கிறது. தீவுக்குத் திரும்பிப் போய்க் கதிரை தேடும்போது அது தெரியும். நாடகத்தில் ஒரு பாத்திரம் அதற்கும் ஒதுக்க வேண்டும்.

பேச்சு பற்றியும் ஒரு சொல். வடமராட்சித் தமிழில் எழுதியதைத் தீவுப்பகுதியில் அப்படியே பேசவேண்டும் என்று இல்லை. கணபதிப்பிள்ளையின் கொள்கையைப் பின்பற்றுவது என்றால், நடிக்கிற ஊரின் பேச்சில் நடிப்பது. ஊரில் இருக்கிற அப்புவையும் ஆச்சியையும் இருத்தி, இந்த வசனத்தை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டு எழுதவேண்டும். தீவுகளில் ஆட்கள் குறையக் குறைய, அந்தச் சொற்களும் படகேறிப் போய்க்கொண்டிருக்கின்றன. ஆவணப்படுத்துகிறோம் என்று ஒலிப்பதிவுக் கருவியை நீட்டினால் அவர்கள் வானொலித் தமிழ் கதைப்பார்கள். நாடக ஒத்திகைக்குக் கூப்பிட்டால் திருத்துவார்கள், பேசுவார்கள், சண்டை பிடிப்பார்கள். அதுதான் உயிருள்ள ஆவணம்.

ஆகவே இதை வாசிக்கிற நாடகக்காரப் பெடியள் பெட்டையளுக்கு ஒரு வேண்டுகோள். 'நானாடகம்' என்ற பெயரை ஆண்டோடு சேர்த்துப் பாடமாக்கியது காணும். நான்கு பேர் சேர்ந்து ஒருமுறை உரத்து வாசியுங்கோ. எங்கே சிரிப்பு வருகிறது, எங்கே வரவில்லை, எங்கே சிரித்துவிட்டு வெட்கம் வருகிறது என்று மூன்று நிறத்தில் கோடு போடுங்கோ. மூன்றாவது நிறம் விழுந்த இடத்தில் இருந்து ஒத்திகையைத் தொடங்குங்கோ. கதிரை வரிசையைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். முதல் நாள் ஒருவருக்கும் கதிரை போடாமல், எல்லாரையும் பாயில் இருத்திப் பாருங்கோ. ஆர் முதலில் எழும்பி நிற்கிறார் என்பதில் இரண்டாவது நாடகம் கிடைக்கும்.